தென்காசிச் சீமை – 17: மணியாச்சிக்குப் பிறகு

சென்ற இதழில் நெற்கட்டுஞ்செவல் பாளையக்காரர் பூலித்தேவரைச் சங்கரன்கோவிலில் விட்டுவிட்டு வந்தோம். கும்பினிக்காரர்கள் கைதியாகக் கொண்டுபோகும் வழியில், சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கோயிலுக்குள் போனவர், விலங்கு தெறிக்க, புகையும் சோதியுமாக மறைந்தார் என்பது ஊர் சொல்லும் கதை. பூலித்தேவர் அறை என்று கோயிலுக்குள் ஓர் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். "அது சரி, நிஜமாக எப்படிச் செத்தார்? அதைச் சொல்லாமல் நழுவுகிறீர்களே" என்று வாசகர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். 1767-இல் கர்னல் டொனால்ட் காம்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடித்தது வரை ஆவணங்கள் பேசுகின்றன. நெற்கட்டுஞ்செவல்காரரின் முடிவைப் பற்றி உறுதியாகச் சொல்லும் ஆவணம் கிடையாது. ரகசியமாகத் தூக்கில் போட்டிருப்பார்கள் என்று சிலர் ஊகிக்கிறார்கள். ஊர் அந்த ஊகத்தை ஏற்கவில்லை. பிணத்தைக் காட்டாத அரசிடமிருந்து சாவுச் செய்தியை மட்டும் எதற்காக வாங்கிக்கொள்ள வேண்டும்?

காட்டினால்தான் நம்புவார்கள் என்பது கும்பினிக்கும் தெரியாததல்ல. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது, மேஜர் பானர்மன் சுற்றுவட்டப் பாளையக்காரர்களை வரவழைத்து எதிரே நிறுத்திவைத்தார். செத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள் என்பதுதான் ஏற்பாடு. பார்த்தார்கள், போனார்கள். இரண்டே ஆண்டில், 1801-இல், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பக் கூடியவர்கள் அதே சீமைக்காரர்கள்.

இந்த இதழில் வரும் சாவு வேறு மாதிரி. பிணம் இருந்தது, துப்பாக்கி இருந்தது, சட்டைப்பையில் கையெழுத்திட்ட கடிதமும் இருந்தது. பார்த்த சாட்சிகள் ரயில் நிறைய இருந்தார்கள். அப்படியும் அரசு சொன்ன கதையை இந்தச் சீமை முழுதாக நம்பவில்லை.

1911 ஜூன் 17, சனிக்கிழமை. ஆனி பிறந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் பருவம். வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்குப் பயந்து குற்றாலத்துப் பங்களாக்களில் வந்து தங்கும் பருவமும் அதுவே. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ் அன்று மேற்கே குற்றாலத்துக்கு வரவில்லை. குழந்தைகள் இருந்த கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். மனைவி மேரியுடன் காலை 9.30-க்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறினார். 10.38-க்கு வண்டி மணியாச்சி வந்தது. தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து காத்திருந்தார்கள். கொழும்புக் கப்பல் அப்போது தூத்துக்குடிக்குத்தான் வந்தது. அதில் இறங்குகிறவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோகும் வண்டி அது.

பச்சைக் கோட்டும் வேட்டியும் உடுத்த ஓர் இளைஞர் பெட்டியை நோக்கி வந்தார். கூட இன்னொருவர். பெட்டிக்குள் ஏறிய இளைஞர் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷை மிக அருகிலிருந்து சுட்டார். இறங்கிப் பிளாட்பாரத்தில் ஓடினார். ஆட்கள் துரத்தினார்கள். ஸ்டேஷன் கக்கூஸுக்குள் புகுந்து கதவை மூடிக்கொண்டவர் துப்பாக்கியை வாய்க்குள் வைத்துத் தன்னையே சுட்டுக்கொண்டார். செங்கோட்டை ரகுபதி அய்யரின் மகன் சங்கரன் அவர். வாஞ்சி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். வயது 25. புனலூரில் காட்டிலாகாவில் வேலை பார்த்தவர். கூட வந்தவர் கூட்டத்தில் கலந்து போனார். ஓட்டப்பிடாரம் மாடசாமி என்று வழக்கில் அவர் பெயர் அடிபட்டது. அரசின் கைக்கு அவர் கடைசிவரை அகப்படவே இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். கலெக்டரையே சுட்ட வழக்கு. ஜில்லாவின் மொத்தப் போலீஸும் தேடுகிறது. ஓட்டப்பிடாரமோ ஒரு வீட்டுக்குப் புது ஆள் வந்தால் மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிடும் ஊர். அப்படிப்பட்ட சீமையில் ஓர் ஆள் காணாமல் போய்விட முடிந்தது. மேலே இரங்கல் கூட்டங்கள் நடந்தன. ஜமீன்தார்களும் வியாபாரிகளும் சந்தா கொடுத்துத் தூத்துக்குடியில் ஆஷுக்கு நினைவுமண்டபம் எழுந்தது. இன்றும் அது நிற்கிறது. சந்தாப் பட்டியலில் பெயர் போட்டுக்கொள்வது ஒன்று, போலீஸுக்கு வாய் திறப்பது வேறொன்று. அந்த வேறுபாட்டைத் திருநெல்வேலிக்காரர்கள் நன்றாக அறிந்து வைத்திருந்தார்கள்.

ஏன் என்று கேட்டால் 1908-க்குப் போக வேண்டும். வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கிய காலத்தில் தூத்துக்குடியில் சப்-கலெக்டர் ஆஷ்தான். அந்த ஆண்டு மார்ச் 13 அன்று வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கைதை எதிர்த்துத் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். கலகம் செய்தது ஊர் என்று சொல்லித் தண்டப் போலீஸை ஊருக்குள் நிறுத்தி, அதற்கு ஆகிற செலவையும் ஊரார் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள். சுட்டவர்களுக்குத் தண்டனை கிடையாது, சுடப்பட்ட ஊருக்கு வரி. அப்புறம் ஜூலை 7-இல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, மேடையில் பேசியதற்காகவும் சிவாவுக்கு இடம் கொடுத்ததற்காகவும் வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். அது நியாயமில்லை என்பதை மேல் நீதிமன்றமே ஒப்புக்கொண்டதைப் போலத் தண்டனை பின்னால் வெகுவாகக் குறைக்கப்பட்டது. மூன்று வருஷம் கழித்து அதே அரசு வந்து, "ஒரு பெரிய சதி நடந்திருக்கிறது, நாங்கள் சொல்வதை நம்புங்கள்" என்றது. யார் நம்புவார்கள்?

சதி நடந்ததா? நடந்தது, சந்தேகமில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தொடருக்கு அர்த்தமில்லை. ஆனால் அரசு எப்படிச் சொன்னது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அன்றைய வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷ் திருநெல்வேலி ஜில்லாவில். ஐந்தாறு மைல் தள்ளி இருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் சமஸ்தானத்தில். 1904-இல் திருநெல்வேலியையும் கொல்லத்தையும் சேர்த்த ரயில் பாதை ஆரியங்காவுக் கணவாய் வழியாக இரண்டு அரசாங்கத்தையும் ஒன்றாகத் தைத்திருந்தது. புனலூரில் ஏறினால் செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி, மணியாச்சி என்று ஒரே பாதை. எல்லை தாண்டினால் போலீஸ் மாறும், சட்டம் மாறும். ரகசியச் சங்கம் வைக்க இதைவிடத் தோதான இடம் தென்னாட்டில் புதுச்சேரிக்கு அடுத்தபடி வேறு கிடையாது.

செங்கோட்டையில் வாஞ்சியின் வீட்டைச் சோதனை போட்டபோது கிடைத்த கடிதங்களைப் பிடித்துக்கொண்டு போலீஸ் ஓட்டப்பிடாரம் ஆறுமுகம் பிள்ளையிடம் போனது. அவர் அப்ரூவர் ஆனார். சோமசுந்தரம் பிள்ளையும் அப்ரூவர் ஆனார். இந்த இருவர் வாயிலிருந்து வந்ததுதான் வழக்கின் பெரும்பகுதி. சீர்காழிப் பக்கத்து எருக்கூரைச் சேர்ந்த நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தார், வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணன் கூடவே திரிந்தார், தென்காசியில் மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை சங்கத்தில் இருந்தார் என்றெல்லாம் சாட்சியம் விரிந்தது. கூட்டம் நடந்த விதத்தையும் அப்ரூவர்கள் சொன்னார்கள். காளி படம், அதன் முன்னால் குங்குமம் கரைத்த தண்ணீர். அது வெள்ளைக்காரன் ரத்தம் என்று பாவித்து ஆளுக்கொரு வாய் குடிப்பது. கட்டைவிரலைக் கீறி, வரும் ரத்தத்தால் பிரமாணப் பத்திரத்தில் ரேகை வைப்பது.

இரண்டு சிறு பிரசுரங்களும் போலீஸ் கையில் சிக்கின. ஒன்று ஆரியர்களுக்குச் சொல்லும் புத்திமதி, மற்றது அபிநவ பாரத சங்கத்தில் சேர்கிறவர் எடுக்க வேண்டிய பிரமாணம். அச்சிட்ட இடம் என்று பறங்கியை ஒழிக்கும் அச்சுக்கூடத்தின் பெயரைத் துணிச்சலாகப் போட்டிருந்தார்கள். இளவயதின் விளையாட்டும் வெறியும் கலந்த துணிச்சல். அரசுத் தரப்பு இதையெல்லாம் கோட்டில் விரித்து வைத்தபோது பார்க்கப் பயங்கரமாகத்தான் இருந்திருக்கும்.

விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு பேர் செத்தார்கள். தர்மராஜய்யர் விஷம் குடித்தார். வெங்கடேசுவரய்யர் கழுத்தை அறுத்துக்கொண்டார். போலீஸ் தேடி வந்த இரு இளைஞர்களின் சாவு அது. ஒரே வழக்கில், ஒரே வட்டாரத்தில், விசாரணை முடிவதற்குள் இப்படி நடந்தால் ஊர் என்ன பேசும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தற்கொலை என்ற பதிவை மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அடி உதைக்குப் பயந்து செத்தார்களா, வாயைத் திறந்துவிடுவோமோ என்ற பயத்தில் செத்தார்களா என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் இருவரும் போய்விட்டார்கள்.

நீலகண்டர் கல்கத்தாவில் போலீஸ் கைக்கு வந்தார். பதினான்கு பேர் மீது வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சர் ஆர்னல்டு வைட், நீதிபதி எய்லிங், நீதிபதி சி.சங்கரன் நாயர் என மூவர் அமர்ந்த தனி அமர்வு. எதிரிகளுக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர் பின்னாளில் ஆந்திர கேசரி என்று பெயர் பெற்ற தங்குட்டூரி பிரகாசம். 1912 பிப்ரவரி 15-இல் தீர்ப்பு வந்தது. அதிகபட்சத் தண்டனை நீலகண்டருக்கு, ஏழு ஆண்டு. சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு. மற்றவர்களில் சிலருக்கு அதைவிடக் குறைவு, சிலர் விடுதலை. கலெக்டர் கொலை வழக்கில் ஒருவர்கூடத் தூக்குமேடை ஏறவில்லை.

மூன்று நீதிபதிகளும் ஒருமித்துப் பேசவும் இல்லை. சங்கரன் நாயர் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். அப்ரூவர் சொல்கிறார் என்பதற்காக ஆஷ் கொலையில் எதிரிகளுக்குப் பங்கு உண்டு என்று ஆகிவிடாது என்கிற பக்கம் அவர் நின்றார். இதன் கனத்தைக் கவனியுங்கள். தென்காசிச் சந்தையில் வாய்க்குள் முணுமுணுத்த சந்தேகம், உயர் நீதிமன்றத்து நாற்காலியில் இருந்த ஒருவர் பேனாவிலும் வந்துவிட்டது. சங்கரன் நாயர் புரட்சிக்காரர் அல்ல, பிரிட்டிஷ் சட்டத்தை முழுமனதோடு நம்பியவர். நம்பியதனால்தான் அந்தச் சட்டம் கேட்கும் அளவுக்குச் சான்று வேண்டும் என்றார்.

வழக்கு முடிந்தும் அரசு ஓயவில்லை. கைக்கு எட்டாத தூரத்தில், பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே, புதுச்சேரியில் வ.வே.சு. அய்யரும் பாரதியும் இருந்தார்கள். வாஞ்சி அங்கே போய் அய்யரிடம் துப்பாக்கி பழகியதாகச் சொன்னார்கள். ஆஷ் கொலையோடு தன் பெயரை முடிச்சுப் போடுவதை மறுத்துப் பாரதி பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். இந்தச் சமயத்தில்தான் அந்த ஜாடி விவகாரம். வ.வே.சு. அய்யர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே காளி படமும் ராஜத்துரோகப் பிரசுரங்களும். யாரோ கொண்டுவந்து போட்டது. எடுத்து மறைத்துவிடலாம் என்று யோசிக்காமல் நேரே பிரெஞ்சுப் போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். பாரதியின் யோசனை அது என்பார்கள். பிரெஞ்சு விசாரணையில் சூழ்ச்சி வெளுத்தது, பொய்ப் புகார் கொடுத்தவர் ஊரைவிட்டு ஓடினார். பிரிட்டிஷ் ஒற்றர்களின் வேலை அது என்பதில் புதுச்சேரியில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒரு ஜாடியைப் போட்டவர்கள் வேறு எதை எதைப் போட்டிருப்பார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகு மற்ற சாட்சியங்கள் மீதும் விழுந்தது. அரசு ஒரு சாட்சியத்தைப் பொய்யாகச் செய்து மாட்டிக்கொண்டால், அது உண்மையாகச் சேகரித்த பத்துச் சாட்சியங்களும் அதோடு கெட்டுவிடும்.

ஏழு வருஷம் கழித்து மணியாச்சி இன்னொரு ரூபத்தில் திரும்பி வந்தது. 1918-இல் நீதிபதி ரௌலட் தலைமையிலான ராஜத்துரோகக் குழு அறிக்கை தந்தது. குழுவில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி.குமாரசுவாமி சாஸ்திரியும் இருந்தார். வங்காளம், பஞ்சாப், பம்பாய் என்று விரிகிற அறிக்கையில் சென்னை மாகாணத்துக்கும் ஒரு பகுதி. அதில் ஆஷ் கொலை. குழு கண்ட முடிவு வேடிக்கையானது. விபின் சந்திர பால் 1907-இல் வந்து பேசாமல் இருந்தால், பாரிஸிலும் புதுச்சேரியிலும் இருந்த சதிகாரர்கள் தூண்டாமல் இருந்தால், இங்கே ஒன்றும் நடந்திருக்காது என்கிற தொனி. கப்பல் கம்பெனி, நான்கு சவங்கள், தண்டவரி இவற்றுக்கெல்லாம் அந்தக் கணக்கில் இடம் இல்லை. அதாவது நீதிமன்றத்தில் 'ஊர் ஊராகச் சதி' என்று வாதாடிய அரசு, அறிக்கையில் 'வெளியார் வேலை, எங்கள் பிரஜைகள் சாதுக்கள்' என்றது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. எப்போது எது வசதியோ அது.

அந்த அறிக்கையை அடித்தளமாக வைத்து 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கலாம். ஏப்ரல் 6-இல் தேசமே கடையடைத்தது. ஏப்ரல் 13-இல் ஜாலியன்வாலாபாக். அப்போது வைஸ்ராயின் நிர்வாக சபையில் இருந்த ஒரே இந்தியர் பஞ்சாபில் நடந்ததைப் பொறுக்காமல் பதவியைத் தூக்கி எறிந்தார். அவர் யார் தெரியுமா? மணியாச்சி வழக்கில் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய அதே சங்கரன் நாயர். பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னராக இருந்த மைக்கேல் ஓட்வயர் பின்னால் இவர்மேல் லண்டனில் மானநஷ்ட வழக்குப் போட்டு 1924-இல் ஜெயித்தார். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன் என்றபோது நாயர் கேட்கவில்லை, 500 பவுன் நஷ்டஈடு கட்டினார். எருக்கூர் நீலகண்டரின் பிற்கால வாழ்வும் சொல்லத் தக்கது. மறுபடி சிறை, பிறகு துறவு, நந்திமலையில் ஓம்கார் சுவாமியாக நெடுங்காலம் வாழ்ந்து 1978-இல் காலமானார். அவருக்குத் தனி அத்தியாயமே எழுத வேண்டும்.

இதுவரை எழுதியதைப் படித்தால், அரசு பொய் சொன்னது, ஜனங்கள் சரியாகச் சந்தேகித்தார்கள் என்று ஒரு நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. காரணம் குற்றாலம்.

கொஞ்ச காலமாகக் குற்றாலத்தை வைத்து ஒரு கதை உலவுகிறது. தாழ்த்தப்பட்ட மக்கள் அருவியில் குளிக்கக் கூடாது என்று இருந்த தடையை ஆஷ் உடைத்தார், பிரசவ வேதனையில் துடித்த பெண்ணை அக்கிரகாரத் தெரு வழியாகத் தன் வண்டியில் கொண்டுபோனார், அந்த ஆத்திரத்தில்தான் வாஞ்சி சுட்டார் என்பது கதை. வ.உ.சி. விவகாரமெல்லாம் பின்னால் சேர்த்த ஜோடனை என்கிறார்கள் இதைச் சொல்கிறவர்கள். கேட்கிறவர்களுக்கு உடனே மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்ளக் காரணமும் உண்டு. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தைப் படித்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஜூன் 22-இல் லண்டனில் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜை இந்த மண்ணில் கால் வைக்க விடமாட்டோம், மூவாயிரம் பேர் பிரமாணம் செய்திருக்கிறோம் என்பது கடிதத்தின் சாரம். அதை அவர் சொல்லும் மொழி சனாதன தர்மத்தின் மொழி. மாட்டிறைச்சி தின்கிற மிலேச்சன் ஆளலாமா என்கிற மொழி. வாஞ்சியைக் கும்பிடுகிறவர்கள் மேடையில் இந்த வரிகளைத் தாண்டித்தான் போகிறார்கள். பாடப் புத்தகமும் தாண்டித்தான் போனது. மறைத்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்? சுதந்திரத்துக்குப் பிறகு ரயில் நிலையத்துக்கே வாஞ்சி மணியாச்சி என்று பெயர் வைத்தார்கள், செங்கோட்டையில் சிலையும் மணிமண்டபமும் எழுந்தன. கடிதத்தை முழுதாக அச்சிட்டு அங்கே மாட்டியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

ஆனால் கடிதத்தில் சாதி மொழி இருக்கிறது என்பதிலிருந்து குற்றால அருவிக் கதை நிஜமாகிவிடாது. ஆ.சிவசுப்பிரமணியன் ஆஷ் கொலையைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். ஆ.இரா.வேங்கடாசலபதி ஆஷின் குடும்பத்தைத் தேடி அயர்லாந்து வரை போய் எழுதியிருக்கிறார். கலெக்டர் அருவியைத் திறந்துவிட்டார் என்றால் அதற்கு ஒரு உத்தரவு இருக்க வேண்டும். உத்தரவு இருந்தால் எதிர்த்து ஒரு மகஜர் போயிருக்கும், மகஜர் போயிருந்தால் ரெவின்யூ போர்டில் ஒரு கோப்பு திறந்திருக்கும். வெள்ளைக்காரன் காகிதத்தில் கஞ்சனல்ல. அருவிக் கதையைச் சொல்கிற எவரும் அப்படி ஒரு காகிதத்தைக் காட்டி நான் பார்க்கவில்லை. 1911-இல் அரசின் சாட்சியத்தைத் துருவித் துருவிக் கேட்ட சீமை, தன் காதுக்கு இனிமையாகப் படுகிற கதையை மட்டும் ஏன் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறது?

இந்த நோய் நமக்கு மட்டும் உள்ளதல்ல. 1945 ஆகஸ்ட் 18-இல் தைவான் விமான விபத்தில் நேதாஜி இறந்தார் என்ற செய்தியைப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஏற்கவே இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று மேடைதோறும் சொன்னார். இந்தத் தென்சீமையில் எத்தனையோ வீடுகளில் அது வேதவாக்கு. 1956-இல் ஷா நவாஸ் குழு, 1970-இல் கோஸ்லா ஆணையம், 1999-இல் முகர்ஜி ஆணையம் என்று மூன்று விசாரணை வைத்தார்கள். முதல் இரண்டும் விபத்து உண்மை என்றன, மூன்றாவது விபத்தே நடக்கவில்லை என்றது, அரசு அந்த மூன்றாவதை நிராகரித்தது. கோப்புகளை வெளியிட 2016 வரை ஆயிற்று. எழுபது வருஷம் பூட்டி வைத்துவிட்டு, ஏன் சந்தேகப்படுகிறீர்கள் என்று கேட்பதில் என்ன நியாயம்? 2011 மே மாதம் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒசாமா பின்லேடனைக் கொன்ற அமெரிக்கா, உடலைக் கடலில் அடக்கம் செய்தது, படத்தையும் வெளியிட மறுத்தது. பயங்கரவாதிக்கு நினைவிடம் எழும்பிவிடக் கூடாது என்பது காரணம். அல்காய்தாவே சாவை ஒப்புக்கொண்ட பிறகும் நம்பாதவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள்.

நம் காலத்தில், நம் மொழியில், இது பெரிதாக வெடித்தது 2009 மே மாதம். விடுதலைப் புலிகள் இந்தியாவில் 1992 முதல் தடை செய்யப்பட்ட இயக்கம். அதன் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரன் ஆம்புலன்ஸில் தப்பப் பார்த்தபோது கொல்லப்பட்டார் என்று மே 18-இல் கொழும்பிலிருந்து செய்தி. மறுநாள் நந்திக்கடல் ஓரத்தில் கிடைத்ததாக உடலைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒரே நாள் இடைவெளியில் கதை மாறிவிட்டது. புலிகளிடமிருந்து முன்பே பிரிந்துபோன கருணாவைக் கொண்டு அடையாளம் காட்டினார்கள். மரபணுச் சோதனை செய்தோம் என்றார்கள். எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டோம் என்றார் ராணுவத் தளபதி சரத் பொன்சேகா. புலிகளின் வெளிநாட்டுத் தொடர்பாளர் செல்வராசா பத்மநாதன் முதலில் மறுத்தார், மே 24-இல் ஒப்புக்கொண்டார். இன்றைய தென்காசி மாவட்டத்துக் கலிங்கப்பட்டிக்காரரான வைகோவும் பழ.நெடுமாறனும் தலைவர் இருக்கிறார் என்றே சொன்னார்கள். 2010 அக்டோபரில் சென்னை தடா நீதிமன்றம் ராஜீவ் கொலை வழக்கிலிருந்து பிரபாகரன், பொட்டு அம்மான் பெயர்களை நீக்கியது. அதற்கும் பிறகு, 2023 பிப்ரவரி 13-இல் தஞ்சாவூரில் நெடுமாறன் பிரபாகரன் நலமாக இருக்கிறார் என்று அறிவித்தார். இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு மறுத்தது.

1989-லேயே ஒருமுறை பிரபாகரன் செத்தார் என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதின. 2004 சுனாமியில் போய்விட்டார் என்று மறுபடி பேச்சு. இரண்டு தடவை செத்துப் பிழைத்தவரை மூன்றாம் தடவை யார் நம்புவார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. போரின் கடைசி மாதங்களில் பொதுமக்களுக்கு ஒரு சேதமும் இல்லாமல் சண்டை போடுகிறோம் என்று கொழும்பு அரசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல், 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் யாரும் சாகவில்லை என்ற வாயே பிரபாகரன் செத்தார் என்றும் சொன்னால், கேட்கிறவன் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைப்பான். உடலைப் பார்த்து வந்த சந்தேகமல்ல அது, உடலைக் காட்டிய கையைப் பார்த்து வந்தது. தண்டவரி கட்டிய திருநெல்வேலிக்காரன் 1911-இல் அப்ரூவரை நம்பாததும் இதே காரணத்தால்தான்.

என் கருத்தை மறைக்க வேண்டியதில்லை. பிரபாகரன் 2009-இல் இறந்துவிட்டார், நேதாஜி 1945-இல் இறந்துவிட்டார், பூலித்தேவரைக் கும்பினி கொன்றிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆஷைக் கொன்றது ஒரு ரகசியச் சங்கம். அதன் கோபத்தில் கப்பல் கம்பெனியும் இருந்தது, சனாதனமும் இருந்தது. அருவிக் கதைக்கு ஆதாரம் வரும்வரை அது கதை.

ஆதாரம் வரட்டும் என்றுதான் இந்த வேண்டுகோள். குற்றாலம், இலஞ்சி, தென்காசி, செங்கோட்டை வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் 1908-க்கும் 1912-க்கும் இடைப்பட்ட கடிதம், தண்டவரி ரசீது, கோயில் தேவஸ்தானத்து நோட்டீஸ், பழைய ஜில்லா கெஜட் ஏதாவது கிடந்தால் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அருவியில் யார் யார் குளிக்கலாம், யார் கூடாது என்று தாத்தா பாட்டி சொன்ன நினைவு உள்ளவர்கள், கேள்விப்பட்டதை வேறு, கண்ணால் கண்டதை வேறு என்று பிரித்து எழுதி அனுப்புங்கள். படி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறோம். அடுத்த இதழில் 1956 நவம்பர் 1, செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்த கதை.